உயிரைக் கொல்லாத வலி

நாள் முழுவதும் நின்றபடியே வேலை செய்யும் உணவக ஊழியர் ஒருவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியதும் முழங்கால் வலி தொடங்குகிறது. அந்த வலி உயிரைக் கொல்லாது. ஆனால், பிழைப்பைக் கெடுத்துவிடும். மருத்துவக் காப்பீடு இல்லாத அமெரிக்கத் தொழிலாளி இந்த வலியுடன் எங்கே செல்வார்?

அமெரிக்காவில் சுமார் 2.6 கோடி பேருக்கு மருத்துவக் காப்பீடு இல்லை. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் எவரையும், பணம் இருக்கிறதா என்று பாராமல் பரிசோதித்து, ஆபத்தான நிலையிலிருந்து மீட்க வேண்டும் என்கிறது 1986-ஆம் ஆண்டின் சட்டம். ஆனால், மூட்டுத் தேய்மானம் அவசர நோயன்று. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 65 வயதில்தான் கிடைக்கும். ஏழைகளுக்கான மெடிக்கெய்டு திட்டத்தின் விரிவாக்கத்தை டெக்ஸாஸ், ஃப்ளோரிடா உள்ளிட்ட சில மாநிலங்கள் இன்னும் ஏற்கவில்லை.

இந்த இடைவெளியைத்தான் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் நடத்தும் இலவச சிகிச்சை மையங்கள் ஓரளவு நிரப்புகின்றன. அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை இத்தகைய மையத்தைக் கொண்டுள்ளன. பெரும்பாலும் வாரத்தில் ஓரிரு நாள் மட்டுமே அவை இயங்குகின்றன. மாணவர் நோயாளியை விசாரித்துப் பரிசோதிக்கிறார். உடனிருக்கும் மூத்த மருத்துவர் அதைச் சரிபார்த்து சிகிச்சையை முடிவு செய்கிறார்.

மூட்டுத் தேய்மானத்துக்கான தொடக்கநிலை சிகிச்சைகள் விலை உயர்ந்தவை அல்ல. தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிக்குச் செலவே இல்லை. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. டைக்ளோஃபெனாக் களிம்பு 2020 முதல் மருந்துச் சீட்டு இல்லாமலேயே அங்கு கிடைக்கிறது. உயர் ரத்த அழுத்தமோ, சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு வலி மாத்திரைகளைவிட அது பாதுகாப்பானது. மூட்டுக்குள் செலுத்தப்படும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு அது சில நாள்கள் ரத்தச் சர்க்கரையை உயர்த்தும் என்பதால் கண்காணிப்பு தேவை.

மருந்தின் விலை இங்கே தடையன்று. மருத்துவரைச் சென்றடைவதற்கான செலவே தடை. அதன் விளைவைப் பொருளாதார நோக்கில் பார்க்க வேண்டும். அமெரிக்கர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் காப்பீடு வேலையின் வழியாகவே வருகிறது. வலி முற்றினால் வேலை நேரம் குறைகிறது, வருமானம் சுருங்குகிறது, காப்பீடு மேலும் எட்டாக்கனியாகிறது. முற்றிலும் முடங்கியவருக்கு, தகுதி இருப்பின், அரசு இயலாமை உதவித்தொகை வழங்குகிறது; அதைப் பெறத் தொடங்கி 24 மாதங்கள் கழித்து மெடிகேரும் வழங்குகிறது. அதாவது, உழைக்கும்போது மறுக்கப்பட்ட சிகிச்சை, உழைக்க முடியாமல் போன பிறகு பன்மடங்கு செலவில் கிடைக்கிறது.

மாணவர் மையங்களுக்கும் எல்லைகள் உண்டு. நாள்பட்ட நோய்க்குத் தொடர்ச்சியான கவனிப்பு வேண்டும். மாணவர்களோ படிப்பு முடிந்ததும் சென்றுவிடுகிறார்கள். நோயாளி ஒவ்வொரு முறையும் ஒரு புதிய முகத்திடம் தன் கதையை முதலிலிருந்து சொல்ல நேர்கிறது. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை பல்லாயிரம் டாலர் செலவு பிடிப்பது. அது இம்மையங்களின் சக்திக்கு அப்பாற்பட்டது.

எனினும், ஒரு வழி இருக்கிறது. வரிவிலக்கு பெறும் லாப நோக்கமற்ற மருத்துவமனைகள், வசதியற்றோருக்கான நிதியுதவிக் கொள்கையை எழுத்துபூர்வமாக வைத்திருக்க வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம் விதிக்கிறது. அப்படியொரு உதவி இருப்பதே பல நோயாளிகளுக்குத் தெரியாது. விண்ணப்பத்தை உடனிருந்து நிரப்பித் தரும் மாணவர், ஊசி போடும் மருத்துவருக்கு இணையான சேவையையே செய்கிறார். சிகிச்சைக் குறிப்புகளை அடுத்து வரும் மாணவரிடம் முறையாக ஒப்படைப்பதும் அத்தகையதே.

மாணவர்களின் தொண்டு பாராட்டுக்குரியது. ஆனால், வாரம் ஒருமுறை திறக்கும் கதவு ஒரு நாட்டின் சுகாதாரக் கொள்கை ஆகிவிடாது. வலியின் தொடக்கத்திலேயே செலவிடுவது தருமம் அல்ல, சிக்கனம் என்பதை ஆட்சியாளர்கள் உணர வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).