உப்புநீரில் இறங்கும் வண்டியும் அதன் போல்ட்டுகளும்

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் கடலோர ஊர்களில், பொழுதுபோக்காக மீன் பிடிப்போரின் சிறிய மோட்டார் படகுகள் பலவும் வீட்டு முற்றத்தில், டிரெய்லர் என்னும் இழுவண்டியின் மேலேயே நிறுத்தி வைக்கப்படுகின்றன. வேண்டிய நாளில் அவ்வண்டி காரின் பின்னால் மாட்டப்பட்டு, கரையில் கான்கிரீட்டால் சரிவாகக் கட்டப்பட்ட இறங்குதளத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டு, படகு தானே மிதக்கும் ஆழம் வரும்வரை பின்பக்கமாக நீருக்குள் இறக்கப்படுகிறது. சாலையில் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட வண்டியொன்றின் சக்கரமும் அச்சும் வேண்டுமென்றே கடலில் மூழ்கடிக்கப்படும் இவ்வழக்கம், அவ்வண்டியின் உறுப்புகளைப் பிணைத்து நிற்கும் போல்ட்டுகளைத்தான் முதலில் தாக்குகிறது.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதுமானவை. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கும் கடல்நீர், மின்னோட்டத்தை எளிதாகக் கடத்துவதன் மூலமும், உலோகத்தின் மேல் படியும் காப்புப் படலங்களைக் குலைப்பதன் மூலமும் அவ்வினையை விரைவுபடுத்துகிறது. எப்போதும் நீருக்கடியில் கிடக்கும் இரும்பைவிட, நனைந்தும் உலர்ந்தும் மாறி மாறி வரும் இரும்பே பெரும்பாலும் விரைவில் அரிபடுகிறது. நனையும்போது உப்பும், உலரும்போது தாராளமான காற்றும் கிடைப்பதோடு, நீர் ஆவியாக ஆவியாக எஞ்சிய ஈரத்தில் உப்பின் செறிவும் கூடிக்கொண்டே போவது அதற்குக் காரணமாகும். கடலில் இறங்கி ஏறியபின் வாரக்கணக்கில் முற்றத்தில் நிற்கும் டிரெய்லருக்கு இந்த இரு நிலைகளும் தவறாமல் வாய்க்கின்றன.

போல்ட்டின் மரைகளுக்கு இடையிலும், துளைக்குள் மறைந்திருக்கும் அதன் தண்டைச் சுற்றியும் புகுந்த நீர் எளிதில் வெளியேறுவதில்லை. அங்கே உருவாகும் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், நட்டுக்கும் மரைக்கும் நடுவே ஆப்புப் போல இறுகி, ஸ்பேனருக்கு அசையாத நிலையை உண்டாக்குகிறது. ஆனால் கழற்ற முடியாமற்போவது சிறிய தொல்லையே. தலையும் நட்டும் ஓரளவு நல்ல நிலையில் தோன்றும்போதே, இரண்டு தகடுகள் சந்திக்கும் இடத்தில் தண்டு மெலிந்து போயிருக்கக்கூடும் என்பதுதான் கவலைக்குரியது. வெளியே தெரியும் செந்நிறத்தின் அளவைக் கொண்டு உள்ளே எஞ்சியிருக்கும் இரும்பின் அளவைக் கணிக்க இயலாது.

இங்கு போல்ட் எவ்வாறு வேலை செய்கிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். நட்டை முறுக்கும்போது தண்டு நூலிழை அளவு நீட்சியடைகிறது. மீண்டும் சுருங்க முயலும் அந்த விசையே இரண்டு உறுப்புகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. டிரெய்லரில் இந்த அழுத்தம் மிகவும் தேவைப்படும் இடம், வில்பட்டைகளின் அடுக்கை அச்சோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட் ஆகும். ஆங்கில ‘யூ’ எழுத்தின் வடிவில் வளைந்து, இரு முனைகளிலும் மரை வெட்டப்பட்ட இந்தக் கம்பி பிடிதளர்ந்தால், அச்சு தன் இடத்திலிருந்து நகர்ந்து, சக்கரங்கள் நேராக ஓடாமல் போகும். படகின் அடிவயிற்றைத் தாங்கும் நீண்ட மரக்கட்டைகளைப் பிடிக்கும் போல்ட்டுகள் ஒரு பருவம் காத்திருக்கலாம். யூ போல்ட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

மாற்றும் வேலையில், படகை நீரிலோ வேறு தாங்கியிலோ விட்டுவிட்டு, வெறும் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்து, சட்டகத்தை உறுதியான தாங்கிகளின் மேல் அமர்த்துவது முதற்படியாகும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகுவது உயிருக்கு ஆபத்தானது. அடுத்து, கம்பித் தூரிகையால் வெளி மரைகளைத் துப்புரவாக்கி, நுண்ணிய இடைவெளிகளுக்குள் ஊடுருவும் தன்மையுள்ள எண்ணெயைத் தெளித்து, ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் நட்டை முதலில் சற்றே இறுக்கும் திசையிலும் பிறகு தளர்த்தும் திசையிலும் மாறி மாறி அசைக்க வேண்டும். இதற்குப் பலரும் கையில் எடுக்கும் டபிள்யூ.டி.-40, 1953இல் சான் டியேகோவில் ஈரத்தை அகற்றித் துருவைத் தடுப்பதற்காகவே உருவாக்கப்பட்டது. இறுகிய மரையை இளக்குவதற்கென்றே தயாரிக்கப்படும் எண்ணெய்கள் தனியாக விற்கப்படுகின்றன. நட்டைச் சூடாக்கி விரியச் செய்யும் முறையும் உண்டு என்றாலும், துத்தநாகப் பூச்சு கடும் சூட்டில் வெளியிடும் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் உண்டாக்கும் என்பதாலும், தெளித்த எண்ணெய் தீப்பற்றும் என்பதாலும் அது பழகிய கைகளுக்கே உரியது.

உண்மையில், துருவேறிய யூ போல்ட்டைச் சேதமின்றிக் கழற்றப் பாடுபடுவதே வீண். அது மீண்டும் பயன்படுத்தத் தக்கதன்று. எனவே கண்ணாடிக் கவசம் அணிந்து, கிரைண்டரின் வெட்டுச் சக்கரத்தால் நட்டை ஒட்டி அறுத்துவிடுவது நேரத்தையும் அச்சையும் ஒருசேரக் காக்கிறது. ஒரு பக்கத்து வேலையை முழுமையாக முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொட்டால் அச்சின் அமைவு மாறாது.

புதிய போல்ட்டை எந்த உலோகத்தில் வாங்குவது என்ற கேள்விக்குப் பலரும் தயங்காமல் எவர்சில்வர் என்றே விடை கூறுவர். இந்த விடையைச் சற்று ஆராய்வதற்கு, 1761இல் பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு போர்த்திய நிகழ்வு உதவும். மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களிடமிருந்து கப்பலைக் காத்த அத்தகடு, மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று திரும்பியபின் 1763இல் ஆய்வு செய்யப்பட்டபோது பல இடங்களில் கழன்று போயிருந்தது. அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் செம்பைத் தொட்ட இடங்களில் அரிக்கப்பட்டிருந்தன. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புத் தாள் தற்செயலாக இடையில் சிக்கியிருந்த இடங்களில் மட்டும் ஆணிகள் நன்றாகவே இருந்தன. இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால், அவற்றுள் எளிதில் எதிர்மின்னணுவை இழப்பது மற்றொன்றைக் காத்துத் தான் அழியும் என்ற இவ்விளைவு மின்வேதி அரிமானம் எனப்படுகிறது.

துத்தநாகப் பூச்சு இரும்பைக் காப்பதும் இதே விதியால்தான். கீறல் விழுந்த இடத்திலும் துத்தநாகம் முந்திக்கொண்டு கரைகிறது. இவ்வாறு பூசப்பட்ட சட்டகத்தில் எவர்சில்வர் போல்ட்டைப் பூட்டினால், போல்ட் பளபளப்புடன் நிற்க, அதன் தலையைச் சுற்றியுள்ள பூச்சு சீக்கிரம் தேய்கிறது. அலுமினியச் சட்டகத்தில் துளையின் விளிம்பே வெண்பொடியாக உதிரக்கூடும். பெரிய செப்புத் தகட்டில் சிறிய ஆணி என்ற ‘அலார்ம்’ கப்பலின் நிலை இங்கே தலைகீழாக, பெரிய சட்டகத்தில் சிறிய போல்ட் என்று இருப்பதால் கேடு மெதுவாகவே பரவும் என்பது ஆறுதல். நைலான் வாஷரும் உறையும் இட்டு உலோகங்களைப் பிரித்துவைத்தால், அந்தப் பழுப்புத் தாளின் பணியை அவை செய்யும். ஆயினும் துத்தநாகம் பூசிய சட்டகத்துக்கு அதே பூச்சுடைய போல்ட்டே பொருத்தமானது.

அதிலும் வேறுபாடு உண்டு. கடைகளில் மின்னும் மெல்லிய முலாம் பெரும்பாலும் 5 முதல் 12 மைக்ரான் தடிமனே உடையது; சுமார் 450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த போல்ட்டின் மங்கிய சாம்பல் நிறப் பூச்சு அதைவிடப் பல மடங்கு தடித்தது. அத்தடிமனுக்கு இடம் தரும்படி அதன் நட்டின் மரை சற்று அகலமாக வெட்டப்படுவதால், இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும். தலையில் 8.8 என்று பொறித்திருந்தால், சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை இழுவிசை தாங்கும் வகை என்று பொருள். எவர்சில்வரே வேண்டுமெனில், மாலிப்டினம் சேர்ந்த 316 வகையைத் தேர்ந்து, மரைகள் உராய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போகாதிருக்க அதற்குரிய பசையைத் தடவுதல் அவசியம். செப்புச் சேர்மம் ஊட்டிப் பதப்படுத்தப்பட்ட சில மரக்கட்டைகள் இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும் என்பதையும் தாங்கிக் கட்டைகளை மாற்றுவோர் கவனத்தில் கொள்ளலாம்.

இறுக்கும்போது, வண்டியின் கையேடு குறிக்கும் முறுக்குவிசையை, அளவு காட்டும் டார்க் ஸ்பேனரால் படிப்படியாக, யூ போல்ட்டின் இரு கால்களுக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். உலர்ந்த மரைக்குச் சொல்லப்பட்ட அளவை எண்ணெய் தடவிய மரைக்கு அப்படியே பயன்படுத்தினால், உராய்வு குறைந்திருப்பதால் தண்டு அளவுக்கு மீறி இழுபடும். புதிதாகக் கட்டிய வில்பட்டைகள் சுமை ஏறியதும் சற்று அமுங்கிப் பிடி தளர்வது இயல்பு என்பதால், முதல் சிறு பயணம் முடிந்ததும் அதே விசையில் மீண்டும் சரிபார்த்து, நட்டின் மேலும் தகட்டின் மேலும் தொடர்ச்சியாக ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிட்டால், பிற்பாடு நட்டு சுழன்றிருக்கிறதா என்பதை ஸ்பேனர் இல்லாமலே கண்டுகொள்ளலாம்.