உஷார்! காசு குலுக்க ஆமை ஓடு வாங்காதீர்கள்

போன மாதம் பழனி அடிவாரத்தில் சித்தி மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பூஜை அலமாரியில், முருகன் படத்துக்குக் கீழே, சிவப்புத் துணியில் எதையோ பொதிந்து வைத்திருந்தாள். பிரித்துக் காட்டினாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு ஓடு. கருப்பு நிறம். ஒவ்வொரு மேட்டின் உச்சியிலிருந்தும் மஞ்சள் கோடுகள் கதிர் மாதிரி விரிந்து கிடந்தன. புரட்டிப் பார்த்தால் உள்ளோரத்தில் காய்ந்த சதை இன்னும் ஒட்டியிருந்தது.

"இதுக்குள்ள மூணு காசைப் போட்டுக் குலுக்குனாத்தான் பலிக்குமாம்ணே. நேத்து சாயங்காலம்தான் கூரியர்ல வந்துச்சு" என்றாள்.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அது நட்சத்திர ஆமையின் ஓடு.

அவள் கற்றுக்கொண்டிருந்தது 'ஐ சிங்' என்கிற சீனக் குறி பார்க்கும் முறை. கொடைக்கானலில் தங்கியிருக்கும் ஒருவர் போனிலேயே வகுப்பு எடுக்கிறார். முதலில் பணம் கட்டி வகுப்பு, பிறகு சதுர ஓட்டை போட்ட பித்தளைக் காசுகள், அதற்கப்புறம் இந்த ஓடு. வீட்டிலிருந்தே கற்றுக்கொள்ளலாம், யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் சேர்ந்திருக்கிறாள். அவள் மீது தப்பே இல்லை. அவளை மாதிரி இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நட்சத்திர ஆமை நம் ஊர் ஜீவன். தமிழ்நாட்டின் வறண்ட புதர்க்காடுகளில் இருப்பது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் திருத்தம் வந்த பிறகு, இது முதல் பட்டியலில், அதாவது புலியும் யானையும் இருக்கும் பட்டியலில் இருக்கிறது. உயிரோடு வளர்த்தாலும் குற்றம், ஓட்டை மட்டும் வைத்திருந்தாலும் குற்றம். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. 2019-இல் உலக நாடுகள் கூடி, காட்டிலிருந்து பிடித்த நட்சத்திர ஆமையை நாடு விட்டு நாடு விற்பதையே தடை செய்துவிட்டன. அப்படியும் சென்னை விமான நிலையத்தில் பெட்டி பெட்டியாகப் பிடிபடும் செய்தியை இன்றும் படிக்கிறோம். 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். பாவம், ஆமை என்ன செய்யும்? ஆனால் இந்த ஓடு வீட்டுக்குள் வந்தால் பின்னாலேயே அதிகாரிகளும் வருவார்கள்.

இதில் என் மனம் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கலைக்கு ஓடு தேவையே இல்லை.

ஐ சிங் பார்க்க மூன்று காசு போதும். ஒரு பக்கத்துக்கு 2, மறுபக்கத்துக்கு 3 என்று வைத்துக்கொண்டு மூன்றையும் சேர்த்துப் போட வேண்டும். கூட்டினால் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றுதான் வரும். ஒற்றைப்படை வந்தால் முழுக்கோடு, இரட்டைப்படை வந்தால் நடுவில் உடைந்த கோடு. இப்படி ஆறு தடவை போட்டு, கீழிருந்து மேலாக ஆறு கோடு வரைந்தால் 64 உருவங்களில் ஒன்று கிடைக்கும். அந்த உருவத்துக்குரிய வாசகத்தைப் புத்தகத்தில் படிக்க வேண்டியதுதான். காசுக்கும் முந்திய முறையில் 50 குச்சிகள். ஒன்றை ஒதுக்கி வைத்துவிட்டு 49-ஐப் பிரித்துப் பிரித்து எண்ணுவார்கள். ஓட்டில் குலுக்குவது சிலருடைய வழக்கம், அவ்வளவுதான். கையில் குலுக்கினாலும் அதே காசு, அதே கணக்கு.

"மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே சீனாவில் ஆமை ஓட்டில்தான் பார்த்தார்கள்" என்று அந்த ஆசிரியர் சொல்லியிருக்கிறார். பாதி உண்மை. ஷாங் மன்னர்கள் காலத்தில் ஆமையின் அடி ஓட்டிலும் மாட்டு எலும்பிலும் சூடு வைத்து, விழும் விரிசலைப் பார்த்துக் குறி சொன்னார்கள். அந்த ஓடுகளில் எழுத்து இருப்பதை 1899-இல் வாங் யிரோங் என்ற அறிஞர் கண்டறிந்தார். அதுவரை அவற்றை மருந்துக் கடைகளில் 'டிராகன் எலும்பு' என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தச் சூடு வைக்கும் சடங்கு வேறு, காசு போடுவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கித்தான் ஓட்டை விற்கிறார்கள்.

அதைவிட மோசம், சித்தர் போகர் பெயரை இழுத்தது. பழனி மலை மேல் போகர் சமாதி இருக்கிறது. அவர் சீன தேசம் போய் வந்தவர் என்றும், சீனரே என்றும் இங்கே குழந்தைக்கும் கதை தெரியும். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு 'இது போகர் கொண்டு வந்த வித்தை' என்று சொன்னால் பழனிக்காரர்கள் மறுபேச்சு பேசுவார்களா? போகரின் எந்தப் பாட்டில் இருக்கிறது என்று நானே அந்த ஆசிரியருக்குப் போன் போட்டுக் கேட்டேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

நாமும் குறி கேட்கிறவர்கள்தான். சிவப்பும் வெள்ளையுமாகப் பூவைப் பொட்டலம் கட்டிச் சன்னதியில் போட்டுப் பார்க்கிறோம். ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லி, வந்ததை ஏற்றுக்கொண்டு எழுந்துவிடுகிறோம். ஐ சிங்கின் நான்காவது உருவமும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்காதே என்றுதான் கண்டிக்கிறது. ஆனால் என் தங்கையின் நோட்டில் ஒரே கேள்வி பதினோரு தடவை இருந்தது. மார்பில் தட்டுப்பட்ட கட்டிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்கேனை எடுப்பதா, வேண்டாமா என்ற கேள்வி. நோட்டை மூடி வைத்துவிட்டு மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

ஓடு எப்படியோ வீட்டுக்கு வந்துவிட்டதா? தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள், புதைக்காதீர்கள், இன்னொருவருக்கு இனாமாகவும் கொடுக்காதீர்கள். கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ வனத்துறை அலுவலகத்திலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். கூரியர் உறை, பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். பணம் ஏமாந்திருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். நாங்கள் அன்று சாயங்காலமே வனத்துறை அலுவலகத்துக்குப் போய், நடந்ததை எழுதிக் கொடுத்து ஓட்டை ஒப்படைத்தோம்.

அந்த வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் மொத்தம் நாற்பத்திரண்டு பேர். எல்லாம் பழனி, ஒட்டன்சத்திரம், பண்ணைக்காடு பக்கத்துக் குடும்பப் பெண்கள். ஓடு வாங்கச் சொல்லிப் போட்ட செய்திக்குக் கீழே பதினேழு பேர் கைகூப்பிப் பதில் போட்டிருந்தார்கள். உங்கள் வீட்டிலும் யாராவது காசு குலுக்கக் கற்றுக்கொண்டிருந்தால், இன்று ராத்திரியே அந்தச் சிவப்புத் துணியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.