கடல் மாசும் முதல் தகவலும்

1967ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் 'டோரி கேன்யன்' என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கே பாறையில் மோதியது. அதில் ஏறத்தாழ 1,20,000 டன் கச்சா எண்ணெய் இருந்தது. பிரிட்டன், பிரான்சு ஆகிய இரு நாடுகளின் கரைகளிலும் எண்ணெய் படிந்தது. தொலைவில் நிகழும் விபத்து கரையில் வாழ்வோரின் பிழைப்பைப் பறிக்கக்கூடும் என்பதை உலக நாடுகள் அன்று உணர்ந்தன. இதன் விளைவாக உருவானதே 'மார்போல்' எனப்படும் 1973ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை. 1978ஆம் ஆண்டின் நெறிமுறையால் இது திருத்தியமைக்கப்பட்டது. இந்தியா 1986ஆம் ஆண்டில் இதில் இணைந்தது.

இவ்வுடன்படிக்கையின் 8ஆவது பிரிவும் முதலாவது நெறிமுறையும் மாசு பற்றித் தகவல் தரும் கடமையை வரையறுக்கின்றன.

யார், எப்போது?

தகவல் தரும் பொறுப்பு முதலில் கப்பல் தலைவரையே சாரும். கப்பல் கைவிடப்பட்டாலோ, அவரது அறிக்கை முழுமையற்றதாக இருந்தாலோ, உரிமையாளர், வாடகைக்கு எடுத்தவர், நிர்வகிப்பவர் அல்லது அவர்களுடைய முகவர்கள் அப்பொறுப்பை ஏற்க வேண்டும்.

எண்ணெய் கடலில் கலந்த பின்னரே தகவல் தர வேண்டும் எனக் கருதுவது தவறாகும். கலக்கக்கூடும் என்ற நிலை தோன்றினாலே அறிவிக்க வேண்டும். 15 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலில் மோதல், தரைதட்டல், தீ, வெள்ளம் புகுதல் போன்றவை நேர்ந்து அதன் பாதுகாப்பு குலைந்தாலும், திசைமாற்றும் பொறியோ இயந்திரமோ பழுதுற்றுப் பயணத்தின் பாதுகாப்பு குறைந்தாலும் இக்கடமை எழுகிறது. உயிர்களைக் காக்கும் பொருட்டு எண்ணெயை வெளியேற்ற நேர்ந்தால், அது விதிமீறலாகாது. ஆயினும் அதனையும் அறிவித்தே ஆக வேண்டும். தகவல் தருவது குற்றத்தை ஒப்புக்கொள்வதன்று என்பது இதிலிருந்து தெளிவாகும்.

எதனை, எவருக்கு?

கப்பலின் அடையாளம், நிகழ்ந்த நேரம், இடம், மாசுப்பொருளின் வகை, அளவு, மேற்கொள்ளப்பட்ட உதவி நடவடிக்கைகள் ஆகியவை அறிக்கையில் இடம்பெற வேண்டும். நிலைமை மாறும்போது துணை அறிக்கைகளும் அனுப்பப்பட வேண்டும். கிடைக்கும் தகவல் தொடர்பு வழிகளுள் மிக விரைவானதன் மூலம், அருகிலுள்ள கடலோர நாட்டிற்கு முதலிடம் தந்து இவற்றை அனுப்ப வேண்டும்.

இந்தியாவில், 1996ஆம் ஆண்டின் தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டப்படி, கடலோரக் காவல் படை ஒருங்கிணைப்புப் பணியை ஆற்றுகிறது. மும்பை, சென்னை, போர்ட் பிளேர் ஆகிய இடங்களில் அதன் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் உள்ளன. துறைமுக எல்லைக்குள் நிகழும் கசிவைக் கையாள்வது அந்தந்தத் துறைமுகத்தின் பொறுப்பாகும். 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்திற்கு மாற்றாக 2025ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை இயற்றியுள்ளது.

காலதாமதத்தின் விலை

2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய்க் கசிவு இல்லை என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் எண்ணெய் கரையில் தடித்துப் படிந்தபோது, அதனை வாளிகளால் அள்ள வேண்டியதாயிற்று. மீனவர்களின் தொழில் முடங்கியது. மிதவைத் தடுப்புகளும் உறிஞ்சு கருவிகளும் எண்ணெய் பரவுவதற்கு முன்பே முழுப் பயன் தரும். ஆகவே, முதல் சில மணி நேரத்தில் கிடைக்கும் உண்மைத் தகவலுக்கு ஈடானது பிறிதொன்றில்லை.

2025ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் கொச்சிக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா 3' மூழ்கியபோது மற்றொரு பாடம் கிடைத்தது. அதில் 640 கொள்கலன்கள் இருந்ததாகவும், அவற்றுள் 13இல் அபாயகரமான சரக்கு இருந்ததாகவும் அரசு அறிவித்தது. பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கின. எண்ணெய் மட்டுமே மாசு அன்று. எந்தப் பெட்டியில் என்ன உள்ளது என்ற விவரமும் உடனடியாகத் தேவை. கடலில் விழும் கொள்கலன்கள் பற்றிக் கட்டாயமாகத் தகவல் தர வகை செய்யும் திருத்தங்களைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024ஆம் ஆண்டிலேயே ஏற்றிருந்தது.

அபராதத்திற்கும் செலவிற்கும் அஞ்சி மௌனம் காப்பது கப்பலுக்குச் சில மணி நேர நிம்மதியைத் தரலாம். அதன் சுமையைப் பல மாதங்கள் தாங்குபவர்கள் கடலை நம்பி வாழும் மக்களே. விதிகள் தெளிவாக உள்ளன. அவற்றைத் தயக்கமின்றிக் கடைப்பிடிப்பதிலேயே அவற்றின் பயன் அடங்கியுள்ளது.