பருமனுக்கு ஆபரேஷன்... இன்ஷூரன்ஸ் தருமா?



இந்தப் பகுதியில் சமையல் குறிப்பு வருகிறது, மாமியார் மருமகள் விவகாரம் வருகிறது, பிள்ளைகளின் பரீட்சை பயம் வருகிறது. நான் எழுதப் போவது பணக் கணக்கு. உடல் பருமனைக் குறைக்கச் செய்யும் ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்குமா, கிடைத்தாலும் நம் கையை விட்டு எவ்வளவு போகும் என்பதுதான் விஷயம். நான் திருச்சியில் கணக்கு டீச்சர். என் தங்கைக்காக ஆறு மாதம் அலைந்து தெரிந்துகொண்டதை, இன்னொரு வீட்டுக்கு உபயோகப்படட்டும் என்று எழுதுகிறேன்.

தங்கைக்கு வயது 36. கரூரில் இருக்கிறாள். இரண்டு குழந்தைகள். உயரம் 152 சென்டிமீட்டர், எடை 88 கிலோ. சர்க்கரைக்கு மாத்திரை, முழங்கால் வலி, பி.சி.ஓ.டி. என்கிற சினைப்பைக் கோளாறு, எல்லாம் உண்டு. பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி வழிவாள். "சோம்பேறி" என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

டயட் இருக்கவில்லையா என்று கேட்காதீர்கள். இரண்டு வருடம் டயட்டீஷியன் எழுதிக் கொடுத்தபடி சாப்பிட்டாள், நடந்தாள். ஒன்பது கிலோ குறைந்து, பதினொரு கிலோ ஏறியது. கடைசியில் சென்னையில் ஒரு டாக்டர் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னார். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போன்ற குழாயாக விட்டுவிடுவார்கள். சின்னச் சின்னத் துளைகள் போட்டுச் செய்வதுதான்.

வீட்டில் கேட்க வேண்டுமா! "வாயைக் கட்டினா வயிறு தானா குறையும். இதுக்குப் போய் வயித்தைக் கிழிச்சுக்கணுமா?" என்றார் அவள் மாமியார். "அழகுக்கு இவ்வளவு செலவா?" என்றார்கள் உறவில் சிலர். தங்கையின் வீட்டுக்காரர் மட்டும், "அழகுக்கு இல்லீங்க. ராத்திரி இவ தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருது. நான்தானே பக்கத்துல படுத்துப் பாக்குறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் பின்னால் எங்களுக்குக் கை கொடுத்தது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த மதிப்பீடு 4 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். அவர்களிடம் 2018-ல் எடுத்த 5 லட்ச ரூபாய் குடும்ப பாலிசி இருந்தது, வருடம் தவறாமல் பிரீமியம் கட்டியிருந்தார்கள். ஏஜென்ட்டுக்குப் போன் போட்டால், "பருமனுக்கெல்லாம் கிடையாதுங்க, அது எக்ஸ்க்ளூஷன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

பாலிசி புத்தகத்தை எடுத்து உட்கார்ந்து படித்தேன். எழுத்து எறும்பு போல இருந்தாலும் விஷயம் இருந்தது. 2019-ல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் எல்லா கம்பெனிகளுக்கும் பொதுவாக ஒரு விலக்குப் பட்டியல் கொண்டு வந்தது. அதில் ஆறாவது, உடல் பருமன். ஆனால் பருமன் ஆபரேஷன் அறவே கிடையாது என்று அதில் இல்லை. 'இந்த நிபந்தனைகள் எல்லாம் பூர்த்தியாகாவிட்டால் கிடையாது' என்றுதான் இருக்கிறது. அப்படியானால், பூர்த்தியானால் இந்த விதியைக் காட்டி மறுக்க முடியாது, இல்லையா?

நிபந்தனைகள் இவைதான். டாக்டரின் ஆலோசனைப்படி செய்ய வேண்டும். மருத்துவ நெறிமுறைக்கு உட்பட்டிருக்க வேண்டும். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35-லிருந்து 40-க்குள் என்றால், மற்ற வழிகளில் எடையைக் குறைக்க முயன்று பலிக்காமல் போயிருக்க வேண்டும். கூடவே நான்கு நோய்களில் ஒன்றாவது இருக்க வேண்டும்: பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தூக்கத்தில் மூச்சு நிற்கும் கடுமையான கோளாறு, கட்டுப்பாட்டில் இல்லாத இரண்டாம் வகை சர்க்கரை நோய்.

பி.எம்.ஐ. கணக்கிடுவது சுலபம். எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் எடுத்து, அந்த உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். 88-ஐ 1.52-ஆல் ஒரு முறை, வந்ததை 1.52-ஆல் இன்னொரு முறை. தங்கைக்கு 38 வந்தது. ஆக, 40 இல்லை. நாலில் ஒரு நோய் வேண்டும். சர்க்கரை உண்டு, ஆனால் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தாள். ஒழுங்காக இருந்ததற்குத் தண்டனையா என்று எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது!

டாக்டரிடம் வீட்டுக்காரர் சொன்னதைச் சொன்னோம். உடனே தூக்கப் பரிசோதனைக்கு எழுதினார். ராத்திரி முழுவதும் கருவி மாட்டிப் பார்த்ததில், மணிக்கு 42 தடவை மூச்சு தடைபட்டிருந்தது. முப்பதைத் தாண்டினாலே கடுமையானது என்றார் டாக்டர். குறட்டை என்று நாங்கள் கேலி செய்தது நோயாக இருந்தது. பகல் தூக்கத்துக்கும் அதுதான் காரணம். சோம்பேறி என்றவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள்.

இதற்கு நடுவில் தெரிந்தவர் ஒருவர், "ஹெர்னியா ஆபரேஷன்னு பில் போடச் சொல்லுங்க, சுலபமா கிடைச்சிடும்" என்று யோசனை சொன்னார். சகோதரிகளே, யார் சொன்னாலும் இதைச் செய்யாதீர்கள். பொய் தெரிந்தால் இந்தப் பணமும் போகும், பாலிசியே ரத்தாகலாம். பிறகு மாரடைப்பு என்றாலும் கை கொடுக்க ஆள் இருக்காது. உண்மையான நோயே கையில் இருக்கும்போது பொய் எதற்கு?

எல்லாக் காகிதத்தையும் வைத்து, ஆபரேஷனுக்கு முன்பே அனுமதி கேட்டு ஆஸ்பத்திரி மூலம் அனுப்பினோம். அன்றைக்கே பதில் வந்தது: 'பருமன் சிகிச்சை, விலக்கு.' அவ்வளவுதான். தங்கை போனில் அழுதாள். "விட்டுடு அக்கா, எனக்கு விதிச்சது இவ்வளவுதான்" என்றாள். "விதியைத்தான்டி படிச்சுக்கிட்டு இருக்கேன், அது உன் பக்கம்தான் இருக்கு" என்றேன்.

மறுத்தால் பாலிசியின் எந்த விதிப்படி என்று கம்பெனி விவரமாகத் தெரிவிக்க வேண்டும் என்பது 2024-ல் ஆணையம் போட்ட உத்தரவு. அதைக் குறிப்பிட்டு, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினோம். ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே அதற்கான காகிதத்தின் எண்ணைப் போட்டோம். டாக்டர் தன் கடிதத்தில் எடை, உயரம், பி.எம்.ஐ., தூக்கப் பரிசோதனை முடிவு, பலிக்காத முயற்சிகளின் விபரம் எல்லாம் எழுதிக் கொடுத்தார். டயட்டீஷியனின் இரண்டு வருட ரசீதுகளைத் தங்கை பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். அத்தனையும் சாட்சியாயிற்று. ஒன்பதாம் நாள் அனுமதி வந்தது.

அப்படியும் மறுத்திருந்தால் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்பட்ஸ்மேனிடம் போயிருப்போம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும். முறையிட்டு 30 நாள் ஆகியும் கம்பெனி பதில் தராவிட்டாலும் போகலாம். 155255 என்ற எண்ணில் ஆணையத்திடமே புகார் சொல்லலாம்.

இனி கைச்செலவு. 'கேஷ்லெஸ்' என்றால் காசே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரி பில் 4,10,000. அதில் கையுறை, பதிவுக் கட்டணம் போன்ற பாலிசியில் சேராத சாமான்களும் கட்டணங்களும் 26,000. மீதி 3,84,000-ல் பத்து சதவீதம் நாம் போட வேண்டும் என்பது அந்தப் பாலிசியின் நிபந்தனை, அது 38,400. ஆக ஆஸ்பத்திரியில் கட்டியது 64,400. சேர்வதற்கு முன் 30 நாளுக்குள் செய்த பரிசோதனைப் பணம் பின்னால் வந்தது. அதற்கு முன்னால் செய்த தூக்கப் பரிசோதனைக்கும் மற்றதற்குமாக 9,000 எங்களுடையது. சென்னைக்குப் போக வர, தங்க 11,000.

வீட்டுக்கு வந்த பிறகுதான் யாரும் சொல்லாத செலவு. இரைப்பை சுருங்கியதால் வைட்டமின், இரும்பு, கால்சியம், பி12 எல்லாம் ஆயுளுக்கும் மாத்திரையாக எடுக்க வேண்டும். முதல் ஆறு மாதம் புரோட்டீன் பவுடரும் சேர்த்து மாதம் 3,500, மொத்தம் 21,000. அடுத்த ஆறு மாதம் மாத்திரைக்கு மட்டும் மாதம் 1,200, மொத்தம் 7,200. மூன்று தடவை ரத்தப் பரிசோதனைக்கு 12,000. கூட்டினால் முதல் வருடம் கையிலிருந்து போனது 1,24,600 ரூபாய். தங்கை சீட்டு எடுத்தாள், நான் கொஞ்சம் கொடுத்தேன். எடை குறைந்து தொங்கும் தோலைச் சரிசெய்வது அழகு சிகிச்சைக் கணக்கில் போகும் என்பதால், அதற்கு இன்ஷூரன்ஸை நம்ப முடியாது.

இந்த ஆபரேஷனை யோசிக்கும் சகோதரிகள் கவனிக்க:

பாலிசி எடுக்கும்போதே எடை, சர்க்கரை எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. முன்பு நான்கு வருடம் வரை இருந்தது. 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் மூன்று வருடம்.

ரூம் வாடகை வரம்பைப் பாருங்கள். நாளைக்கு 4,000 வரம்பு உள்ள பாலிசியில் 6,000 ரூபாய் அறை எடுத்தால், டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடலாம். ஆனால் மருந்து, உபகரணம், பரிசோதனைக்கு அப்படி வெட்டக் கூடாது என்று 2020-லேயே ஆணையம் சொல்லியிருக்கிறது. இந்த ஆபரேஷனில் தையல் போடும் ஸ்டேப்ளர் கருவிக்கே பெரிய தொகை ஆவதால் இது முக்கியம்.

ஆபீஸ் மூலம் வரும் குரூப் பாலிசியில் நிபந்தனைகள் வேறாக இருக்கலாம். தனியாகக் கேட்டு வாங்கிப் படியுங்கள். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள், ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை தள்ளிப் போட வேண்டும் என்பதையும் டாக்டரிடம் முன்கூட்டியே பேசுங்கள். வசதி இல்லாதவர்கள் கடன் வாங்கும் முன் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் விசாரியுங்கள்.

கடைசியாக ஒரு ஆதங்கம். இந்த 40, 35 என்கிற எண்கள் 1991-ல் அமெரிக்காவில் நிபுணர் குழு ஒன்று சொன்னவை. நம் உடல்வாகு வேறு. குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரையும் இதய நோயும் வந்துவிடுகின்றன. இந்திய நிபுணர்கள் 2009-லேயே 37.5 என்றும், கூடவே நோய் இருந்தால் 32.5 என்றும் சொன்னார்கள். 2022-ல் இந்தத் துறையின் சர்வதேச டாக்டர்கள் சங்கமே ஆசிய மக்களுக்கு 27.5 என்று இறக்கிவிட்டது. நம் ஊர் பாலிசி விதியில் மட்டும் பழைய எண்.

அந்த நாலு நோய்ப் பட்டியலையும் திரும்பப் பாருங்கள். பருமனால் பெண்கள் அதிகம் அவதிப்படும் பி.சி.ஓ.டி. அதில் இல்லை, குழந்தைப்பேறு தள்ளிப்போவது இல்லை, மாடிப்படி ஏற முடியாத முழங்கால் வலி இல்லை. என் தங்கைக்கு மூச்சு நின்றதால் பணம் கிடைத்தது. அதே எடை, அதே வலி உள்ள இன்னொருத்திக்கு மூச்சு நிற்காவிட்டால் கிடைக்காது. பிரீமியம் மட்டும் இருவரிடமும் ஒன்றுபோல வாங்குகிறார்கள். விதி எழுதும் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கக் கூடாதா?

தங்கை இப்போது 64 கிலோ. குறட்டை இல்லை, பகல் தூக்கம் இல்லை. சர்க்கரை மாத்திரையை டாக்டர் பாதியாகக் குறைத்திருக்கிறார். மாமியாரே பக்கத்து வீட்டு அம்மாவிடம், "அந்தத் தூக்க டெஸ்ட்டு எங்க எடுக்கணும்னு எங்க மருமககிட்ட கேளுங்க" என்று சொல்கிறாராம்!

- வாசகி, திருச்சி.