மான் கறி ஹலால்தானே, பிறகு ஏன் குற்றம்?

எர்ணாவூரில் இருக்கும் ஒரு குடும்பத்தார் நம்மிடம் மூன்று கேள்விகள் கேட்டிருந்தார்கள். அவர்களுடைய மகன் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வேலை பார்க்கிறார். அங்கே பள்ளிவாசலில் பழக்கமான ஒரு சகோதரர் தாம் வேட்டையாடிய மானின் கறியைக் கொடுத்திருக்கிறார். அதைச் சாப்பிடலாமா? அதன் கொம்பை ஊருக்கு வரும்போது கொண்டு வரலாமா? அங்கே கூடும் என்றால் இங்கே மட்டும் ஏன் ஜெயில்? நியாயமான கேள்விகள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் மற்ற வீடுகளிலும் இவை எழக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

மான் உண்ணத் தகுந்த பிராணி என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. வேட்டையையும் மார்க்கம் அனுமதித்திருக்கிறது. திருக்குர்ஆன் 5:4 வசனம் பழக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ண அனுமதிக்கிறது. ஆனால் இதே அத்தியாயம் வேட்டைக்கு எல்லையும் போடுகிறது. இஹ்ராம் அணிந்திருப்பவர் தரைப் பிராணிகளை வேட்டையாடக் கூடாது, மீறினால் பரிகாரம் உண்டு (5:95). கடல் வேட்டைக்கு அந்தத் தடை இல்லை (5:96). ஆகவே, ஹலாலான பிராணி என்பது வேறு, அதை எப்போதும் எங்கேயும் வேட்டையாடலாம் என்பது வேறு. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது எளிதில் விளங்கும்.

வேட்டையின் சட்டங்களை அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ஹதீஸ்கள் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளன. அம்பு எய்யும்போது அல்லாஹ்வின் பெயரைச் சொல்ல வேண்டும். ஆயுதத்தின் கூர்மை துளைத்திருந்தால் உண்ணலாம். அகலப் பக்கம் பட்டு, அடியால் செத்திருந்தால் கூடாது. உயிரோடு எட்டிப் பிடித்தால் அறுக்க வேண்டும். அடிபட்ட பிராணி ஓடி மறைந்து, ஒரு நாள் கழித்துக் கிடைத்தாலும், தன் அம்பின் காயத்தைத் தவிர வேறு காயம் இல்லையென்றால் உண்ணலாம். தண்ணீரில் விழுந்து கிடந்தால் கூடாது. அம்பால் செத்ததா, மூழ்கிச் செத்ததா என்று தெரியாது அல்லவா.

துப்பாக்கிக் குண்டு விஷயத்தில்தான் சிக்கல். குண்டு உடலைத் துளைப்பதால் அது அம்பைப் போன்றது என்று இக்கால அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அது கூர்மையால் அல்ல, வேகத்தால் அடித்துக் கொல்கிறது, எனவே உயிர் இருக்கும்போதே அறுத்தால்தான் ஹலால் என்று ஹனஃபி அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். பிஸ்மில்லாஹ் சொல்வது ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத். ஹனஃபி மத்ஹபில் வேண்டுமென்றே விட்டால் அந்தக் கறி கூடாது. நம் தமிழகத்தில் இரண்டு மத்ஹபினரும் இருக்கிறோம். எனவே அந்த மகன் கறி கொடுத்த சகோதரரிடம் இரண்டே விஷயம் கேட்டால் போதும்: பிஸ்மில்லாஹ் சொன்னீர்களா, உயிர் இருக்கும்போது அறுத்தீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் எந்த மத்ஹபிலும் பிரச்சினை இல்லை. கொடுத்தவர் கிறிஸ்தவ நண்பர் என்றால் பேச்சு நீளும். அதை அங்குள்ள ஆலிமிடம் நேரில் கேட்பதே நல்லது. கடையில் விற்கும் மான் கறி பண்ணையில் வளர்த்தது. அது கைவசம் இருக்கும் பிராணி, ஆட்டைப் போல முறையாக அறுக்கப்பட்டிருக்க வேண்டும், வேட்டைச் சட்டம் அதற்குப் பொருந்தாது.

இன்னொரு எச்சரிக்கை. அமெரிக்க மான்களிடம் மூளையைத் தாக்கி உடலை உருக்கும் ஒரு நோய் பரவி வருகிறது. 1967-இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது. சமைத்தாலும் அதன் கிருமிப் புரதம் அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியாகவில்லை. என்றாலும், நோய் உள்ள மானின் கறியை உண்ண வேண்டாம் என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறை சொல்கிறது. நோய் காணப்படும் பகுதி என்றால் மான் பரிசோதிக்கப்பட்டதா என்று விசாரித்துக்கொள்ளட்டும்.

சரி, அங்கே ஏன் அனுமதி? 1900 வாக்கில் அமெரிக்காவில் வெள்ளைவால் மான் ஐந்து லட்சத்துக்கும் குறைவாகச் சுருங்கிப் போயிருந்தது. சந்தைக்காக ஆண்டு முழுவதும் சுட்டுத் தள்ளியதன் விளைவு. அதன்பின் சட்டங்கள் வந்தன. வேட்டையாடிய கறியை விற்கத் தடை, லைசென்ஸ், இத்தனை மான்தான் என்ற கணக்கு, குறிப்பிட்ட காலத்தில் மட்டும் சீசன். மிச்சிகனில் துப்பாக்கி சீசன் நவம்பர் 15 முதல் 30 வரை. இன்று ஏறத்தாழ மூன்று கோடி மான்கள் இருக்கின்றன. பெரும்பாலான இடங்களில் அவற்றைத் தின்ன ஓநாய்கள் இல்லை. மான்கள் பயிரை மேய்கின்றன, கார்களில் மோதுகின்றன. ஆகவே அரசே எண்ணிக்கையைக் குறைக்க வேட்டையை அனுமதிக்கிறது.

நம் நாட்டு நிலைமை வேறு. இங்கே காடே சுருங்கிவிட்டது. சென்னையில் மானைப் பார்க்க வேண்டுமென்றால் கிண்டி தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டும். மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லாத அந்த இடத்தில்தான் புள்ளிமானும் வெளிமானும் வாழ்கின்றன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடை செய்கிறது. கொல்வது மட்டுமல்ல, பிடிப்பது, கண்ணி வைப்பது, முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். கறியை வாங்குவதும் வைத்திருப்பதும்கூட குற்றம். வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதற்கு மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். 1998-இல் ராஜஸ்தானில் நடந்த வெளிமான் வேட்டைக்காக நடிகர் சல்மான் கானுக்கு 2018-இல் கீழ் நீதிமன்றம் ஐந்து ஆண்டு தண்டனை விதித்ததையும், பிறகு அவர் ஜாமீனில் வந்ததையும் பத்திரிகைகளில் படித்திருப்போம்.

வடசென்னையில் மான் இல்லை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. ஐப்பசி பிறந்தால் எண்ணூர் கழிமுகத்துக்கும் பழவேற்காட்டுக்கும் பறவைகள் வரத் தொடங்கும். கொக்கு, மடையான், காட்டுக் காடை, கௌதாரி என்று யாராவது விற்க வந்தால் அதற்கும் இதே சட்டம்தான். பண்ணைக் காடை வேறு இனம், அதை வாங்கிச் சமைக்கலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று காட்டுப் பறவையை வாங்கும் வீட்டுப் பெண்கள்கூட வழக்கில் மாட்டலாம். விற்றவர் ஓடிவிடுவார், கறி நம் அடுப்பில் இருக்கும்.

அத்தரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கஸ்தூரியை நறுமணங்களில் சிறந்ததாக நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அதனாலேயே 'அசல் கஸ்தூரி' என்று பை காட்டி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. இமயமலைக் கஸ்தூரி மானும் முதல் அட்டவணையில் உள்ளது. அந்தப் பை அசலாக இருந்தால் குற்றம், போலியாக இருந்தால் பணம் போச்சு. சாதாரணமாகக் கடைகளில் கிடைக்கும் கஸ்தூரி அத்தர் செயற்கை மணம்தான். அதைப் பூசிக்கொள்ளத் தடை இல்லை.

இனி கொம்பு. புள்ளிமானும் கடமானும் ஆண்டுதோறும் கொம்பை உதிர்க்கும், மானைக் கொல்லாமலே கிடைத்ததுதானே என்று சிலர் வாதிடுகிறார்கள். சட்டம் உதிர்ந்த கொம்பையும் விடுவதில்லை. பாட்டனார் காலத்தில் சுவரில் மாட்டிய கொம்பு, மான் தோல் போன்றவற்றை அரசிடம் தெரிவிக்க 2003-இல் 180 நாள் அவகாசம் கொடுக்கப்பட்டது. அப்போது தெரிவிக்காமல் விட்டவர்கள் அதை விற்கவோ, கல்யாணச் சீராகக் கொடுக்கவோ போக வேண்டாம். ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு, வனத்துறையிடம் ஒப்படைப்பதே பாதுகாப்பு. மிச்சிகன் மகனும் கொம்பை அங்கேயே வைத்துவிட்டு வரட்டும். அங்கே லைசென்ஸோடு வேட்டையாடிய மானாக இருந்தாலும், வனவிலங்குப் பாகங்களைப் பெட்டியில் கொண்டு வந்தால் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடித்துக்கொள்ளும்.