தசைக்குள் சர்க்கரை எங்கே தடைபடுகிறது?

சர்க்கரை நோய் என்றால் எல்லோரும் கணையத்தைத்தான் பேசுகிறோம். தசையையும் பேச வேண்டும். இன்சுலின் ஏவியதும் ரத்தத்திலிருந்து மிக அதிகமாகச் சர்க்கரையை வாங்கிக்கொள்வது தசைதான்.

குளூட்4 என்ற கடத்திப் புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே விடுகிறது. ஹெக்சோகைனேஸ் என்ற நொதி அதில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. பிறகு கிளைக்கோஜன் சிந்தேஸ் நொதி அதைக் கிளைக்கோஜனாகக் கோத்துச் சேமிக்கிறது. தன்மேல் பாஸ்பேட் ஒட்டியிருக்கும்வரை சிந்தேஸ் மந்தமாகவே இருக்கும்; இன்சுலின் அந்தப் பாஸ்பேட்டை நீக்கி அதைத் தட்டியெழுப்பும். இரண்டாம் வகை சர்க்கரை நோயில் இந்த எழுப்புதல் சரியாக நடப்பதில்லை.

1990இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஷுல்மன் குழு, தசையை வெட்டாமல் காந்த ஒத்ததிர்வு முறையில் கிளைக்கோஜன் உருவாவதை அளந்தது. ரத்தத்தில் சர்க்கரையும் இன்சுலினும் ஒரே அளவில் இருந்தும், நோயாளிகளின் தசையில் கிளைக்கோஜன் உருவாகும் வேகம் மற்றவர்களுடையதில் பாதிகூட இல்லை. சந்தேகம் சிந்தேஸ் மேல் விழுந்தது.

மதகு அடைபட்டால் அதற்கு மேலே தண்ணீர் தேங்க வேண்டும். சிந்தேஸ்தான் அடைப்பு என்றால், அதற்கு முந்தைய பொருளான குளுக்கோஸ்-6-பாஸ்பேட் தேங்கியிருக்க வேண்டுமே? 1992இல் அளந்தபோது அது குறைவாகத்தான் இருந்தது. ஹெக்சோகைனேஸ்தான் காரணமென்றால் செல்லுக்குள் வெறும் குளுக்கோஸ் தேங்க வேண்டும். 1999இல் அதுவும் இல்லை என்று தெரிந்தது. முதல் தடை வாசலிலேயே, குளுக்கோஸ் உள்ளே நுழையும் இடத்தில்! ஆராய்ச்சியின் அழகு என்று நான் சொல்வது இதைத்தான்.

அதற்காக உள்ளிருக்கும் நொதிகளுக்குப் பாதிப்பே இல்லை என்று ஆகாது. ரத்தத்தில் கொழுப்பு அமிலங்கள் மிகும்போது பி.டி.கே.4 என்ற நொதி கூடுகிறது. அது, குளுக்கோஸை எரிக்கும் பாதையின் நுழைவாயிலான பைருவேட் டிஹைட்ரஜனேஸ் மேல் பாஸ்பேட்டை ஒட்டி முடக்கிவிடுகிறது. தசை கொழுப்பையே எரிக்கிறது. சாப்பிட்ட பிறகும் சர்க்கரைக்கு மாறத் தடுமாறுகிறது.

ஆனால் தசை சுருங்கும்போது, இன்சுலினுக்குக் காத்திராமலே குளூட்4 மேற்பரப்புக்கு வருகிறது. நடைப்பயிற்சியை மருந்துச் சீட்டிலேயே எழுத வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். 1996இல் அதே யேல் குழு, சர்க்கரை நோயாளிகளின் பிள்ளைகளில் இன்சுலினுக்குத் தசை சரியாக இணங்காதவர்களை ஆறு வாரம் படியேற்றப் பயிற்சி செய்யவைத்தது. அவர்கள் தசையில் கிளைக்கோஜன் சேரும் வேகம் கூடியது. இன்சுலின் ஊசி போடுபவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று தாழலாம் என்பதால், மருந்தின் அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிக்கொள்வது அவசியம்.