பார்த்திபன் கனவும் சிவகாமியின் சபதமும்: முன்கதை மூலக்கதையை மாற்றும் விதம்

ஒரு கதை வெளிவந்து வாசகர் மனத்தில் நிலைபெற்ற பிறகு, அதற்கு முந்தைய காலத்தில் நடந்ததாக அதே ஆசிரியரோ வேறொருவரோ எழுதும் கதை முன்கதை எனப்படும். இன்றைய மாணவர்களுக்கு இது அறிவியல் புனைகதைத் திரைப்படங்களின் வழியாகவே பெரிதும் அறிமுகமாகியிருக்கிறது. 1977இல் தொடங்கிய ஸ்டார் வார்ஸ் படங்கள் மூன்றும் வெளிவந்து முடிந்த பின், 1999 முதல் 2005 வரை அவற்றின் முன்கதை மூன்று படங்களாக வந்தது. தமிழில் இதற்கு அரை நூற்றாண்டு முன்பே கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி இதைச் செய்திருக்கிறார். அவருடைய முதல் வரலாற்றுப் புதினமான பார்த்திபன் கனவு 1941இல் கல்கி இதழில் தொடராக வரத் தொடங்கியது. அதற்கு ஒரு தலைமுறை முந்தைய நிகழ்ச்சிகளைக் கூறும் சிவகாமியின் சபதம் 1944 முதல் 1946 வரை அதே இதழில் வெளிவந்தது.

பலர் இந்த வரிசையை மாற்றி நினைத்துக்கொள்கிறார்கள். கதைக்காலப்படி சிவகாமியின் சபதம் முன்னே நிற்பதாலும், அது நான்கு பாகங்கள் கொண்ட பெரிய நூல் என்பதாலும், மூன்று பாகங்களே உள்ள பார்த்திபன் கனவை அதன் தொடர்ச்சியாக எழுதப்பட்ட சிறிய கதை என்று கருதுவோர் உண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. வாசகர்கள் முதலில் அறிந்தது முதிர்ந்த நரசிம்மவர்மரைத்தான். இளைஞர் மாமல்லர் பிறகுதான் வந்தார்.

பார்த்திபன் கனவின் கதை எளிமையானது. உறையூரை ஆளும் சோழ மன்னன் பார்த்திபன் பல்லவருக்குக் கப்பம் கட்ட மறுக்கிறான். வெண்ணாற்றங்கரைப் போரில் மடிகிறான். சோழநாடு மீண்டும் தனியரசாகி உயர வேண்டும் என்னும் அவனுடைய கனவை மகன் விக்கிரமனுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பை ஒரு சிவனடியார் ஏற்றுக்கொள்கிறார். விக்கிரமன் கலகம் செய்யத் துணிந்து பிடிபட்டு, செண்பகத் தீவுக்கு நாடு கடத்தப்படுகிறான். பின்னர் இரத்தின வியாபாரி வேடத்தில் திரும்பி வருகிறான். பல்லவச் சக்கரவர்த்தியின் மகள் குந்தவிக்கும் அவனுக்கும் காதல் மலர்கிறது. இறுதியில் அந்தச் சிவனடியார் வேறு யாருமல்ல, நரசிம்மவர்மரே என்பது வெளிப்படுகிறது. நரசிம்மவர்மர் வரலாற்று மன்னர். விக்கிரமனும் இந்தக் குந்தவியும் கற்பனைப் பாத்திரங்கள். வரலாற்றில் சோழர் மீண்டும் எழுந்தது விஜயாலயன் காலத்தில், அதாவது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்துத்தான்.

இந்தக் கதையில் வாசகரின் பரிவு முழுவதும் சோழர் பக்கம் இருக்கும். காஞ்சி என்றால் ஆதிக்கம், உறையூர் என்றால் விடுதலை. கல்கி விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு 1941இல் மூன்றாம் முறையாகச் சிறை சென்றவர். வெளியே வந்தபின் அதே ஆண்டில் தொடங்கிய இதழில் கப்பம் கட்ட மறுக்கும் மன்னனின் கதையை எழுதினார் என்றால், அந்நாளைய வாசகர்கள் அதை எப்படிப் படித்திருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

சிவகாமியின் சபதம் இந்தப் பரிவை அப்படியே திருப்பிப்போடுகிறது. இங்கே படையெடுப்புக்கு ஆளாவது காஞ்சி. வாதாபிச் சளுக்க மன்னன் இரண்டாம் புலிகேசி பெரும்படையுடன் வருகிறான். மகேந்திரவர்மர் கோட்டையை அடைத்துக்கொண்டு முற்றுகையைத் தாங்குகிறார். சிற்பி ஆயனரின் மகளும் ஆடற்கலைச் செல்வியுமான சிவகாமி சிறைப்பட்டு வாதாபிக்குக் கொண்டுசெல்லப்படுகிறாள். தமிழ்நாட்டுக் கைதிகளைச் சாட்டையடியிலிருந்து காப்பாற்ற அந்நகரின் நாற்சந்திகளில் ஆட வேண்டிய நிலைக்கு ஆளாகிறாள். மாமல்லர் வந்து வாதாபியை எரித்துத் தன்னை மீட்கும் வரை அங்கிருந்து வருவதில்லை என்று சபதம் செய்கிறாள். மாமல்லர் மாறுவேடத்தில் வந்து அழைத்தபோதும் அவள் உடன் செல்லவில்லை. வாதாபி வீழ ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

வாதாபி வீழ்ந்தது வரலாறு. 642இல் நரசிம்மவர்மர் அந்நகரைக் கைப்பற்றினார். கர்நாடகத்தின் பாதாமியில், அதாவது பழைய வாதாபியில், அவருடைய கல்வெட்டு இன்றும் உள்ளது. படைத்தலைவர் பரஞ்சோதியே பிற்காலத்தில் சிறுத்தொண்ட நாயனார் ஆனார் என்பதைப் பெரியபுராணம் கூறுகிறது. ஆகவே வெற்றி கிடைக்குமா என்ற கேள்வியே இப்புதினத்தில் இல்லை. பாடநூலிலும் பார்த்திபன் கனவிலும் அதற்கு விடை முன்னமே இருக்கிறது. அந்த வெற்றிக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதே கதை. முன்கதை எழுதுவோர் எல்லாருக்கும் உள்ள இடர்ப்பாடு இது. முடிவு தெரிந்த கதையில் வாசகரை எதைக் கொண்டு இழுப்பது? கல்கி சிவகாமியைக் கொண்டு இழுத்தார்.

பார்த்திபன் கனவைப் பின்னோக்கி மாற்றிய இடங்களில் மூன்று முக்கியமானவை.

முதலாவது, ஒற்றைக்கை மகா கபால பைரவர். பார்த்திபன் கனவில் அவர் நரபலி கேட்கும் அச்சமூட்டும் காபாலிகர். முடிவில் அவர் புலிகேசியின் சகோதரன் நீலகேசி என்பது தெரியவருகிறது. அக்கதைக்கு அவ்வளவே போதும். முன்கதையில் அதே மனிதன் நாகநந்தி என்னும் புத்த பிக்ஷுவாக முதல் அத்தியாயங்களிலேயே நடந்து வருகிறான். கலையை அறிந்தவன், புலிகேசியைப் போன்ற உருவம் கொண்டவன், அண்ணன் தம்பி பாசத்துக்கும் சிவகாமி மீதான மோகத்துக்கும் இடையே சிதைபவன். அவன் பரஞ்சோதியின் வாளால் கையை இழந்து உயிர் தப்பும்போது, முந்தைய கதையில் வெறும் அடையாளமாக இருந்த அந்த ஒற்றைக் கைக்கு ஒரு வாழ்க்கை கிடைத்துவிடுகிறது. ஸ்டார் வார்ஸ் பார்த்தவர்கள் இங்கே டார்த் வேடரை நினைக்கலாம். கருங்கவசத்துக்குள் இயந்திர மூச்சு விடும் கொடியவனாக முதலில் அறிமுகமானவன், முன்கதையில் அனகின் என்னும் சிறுவனாக வருகிறான். 2005இல் வந்த படத்தில்தான் அவன் உடல் அழிந்து அந்தக் கவசத்துக்குள் புகுந்த விதம் காட்டப்பட்டது. இரண்டிலும் உடற்குறை ஒரு வினா. முன்கதை அதற்கு விடை. ஆனால் பிக்ஷு எப்படிக் காபாலிகர் ஆனார் என்ற மாற்றம் கல்கியிடம் போதிய அளவு விரித்துரைக்கப்படவில்லை. புத்த, சமணத் துறவிகளை ஒற்றர்களாகக் காட்டும் போக்கையும் இன்றைய வாசகர் கேள்வி கேட்காமல் கடக்க முடியாது.

இரண்டாவது, மாறுவேடம். பார்த்திபன் கனவில் ஒரு சக்கரவர்த்தி அடியார் வேடத்தில் எதிரியின் மகனை வளர்ப்பது கதை ருசிக்காகச் செய்த உத்தி போலத் தோன்றும். சிவகாமியின் சபதத்தில் வஜ்ரபாகு என்னும் வீரனாக வேடமிட்டு ஓலையை மாற்றுபவர் தந்தை மகேந்திரவர்மர். இளைய மாமல்லரோ பொறுமையற்றவர். கோட்டைக்குள் அடைபட்டிருப்பதையே அவமானமாக நினைப்பவர். இதைப் படித்தபின் சிவனடியாரிடம் திரும்பினால், மகன் தந்தையின் வழியைக் காலம் கடந்து கற்றுக்கொண்டது தெரிகிறது. இந்த இணைப்பை ஆசிரியர் எங்கும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மூன்றாவது, குந்தவி. இதுவே மிக ஆழமானது. சிவகாமி வாதாபியில் காத்திருந்த ஆண்டுகளில் மாமல்லர் பாண்டியன் மகள் வானமாதேவியை மணக்கிறார். அது அரசியல் திருமணம். தெற்கே பகை இருக்கும்போது வடக்கே படை நடத்த இயலாது. பாண்டியரின் செல்வமும் சிறிதல்ல. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும் சிற்றூரான கொற்கை, சங்க காலத்திலேயே அவர்களுடைய முத்துத் துறைமுகம். புலிகேசியின் ஐஹொளெக் கல்வெட்டும் சோழ, சேர, பாண்டியருடன் அவன் கொண்ட உறவைக் குறிப்பிடுகிறது. பாண்டியரைத் தம் பக்கம் வைத்துக்கொள்ளும் தேவை புலிகேசி, மாமல்லர் இருவருக்குமே இருந்திருக்கிறது. மீட்கப்பட்டுக் காஞ்சிக்கு வரும் சிவகாமி, மாமல்லருக்கு மனைவியும் மகேந்திரன், குந்தவி என்னும் மக்களும் இருப்பதை அறிகிறாள். இறுதியில் ஏகாம்பரநாதருக்கே தன்னை ஒப்படைத்துவிடுகிறாள்.

அந்தச் சிறுமிதான் பார்த்திபன் கனவின் நாயகி. 1941இல் படித்தவர்களுக்கு அவள் பகைவன் மகனைக் காதலிக்கும் துடுக்கான இளவரசி மட்டுமே. 1946க்குப் பிறகு படிப்பவர்களுக்கு அவள், சிவகாமிக்குக் கிடைக்காமல் போன வாழ்வில் பிறந்த குழந்தை. அரசியலுக்காகத் தன் காதலை இழந்த தந்தை, அரசியலை ஒதுக்கி வைத்து மகளின் காதலுக்கு வழிவிடுகிறார் என்றே பிற்பகுதியை வாசிக்கத் தோன்றும். சோழநாட்டுக்கு விடுதலை தருவதும் அப்படித்தான். படையெடுப்பால் நாடு படும் துன்பத்தை நேரில் கண்டவர் பிறர் விடுதலையைத் தடுக்கவில்லை. பார்த்திபன் கனவில் ஒரு சொல்கூட மாறவில்லை. ஆனாலும் இரு புதினங்களையும் படித்தவருக்கு அது பழைய நூலாக இருப்பதில்லை.

இவை அனைத்தும் முன்பே திட்டமிடப்பட்டவையா என்ற கேள்வி எழலாம். மாமல்லபுரக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யுடன் அமர்ந்திருந்தபோது இரு கதைகளின் மாந்தரும் தம் மனக்கண்முன் தோன்றியதாகக் கல்கி சிவகாமியின் சபதம் நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். கரு ஒன்றாகத் தோன்றியிருக்கலாம். எனினும் நாகநந்தியின் விரிவும் சிவகாமியின் துயரும் முதல் புதினத்தின் அளவுக்குள் அடங்கியிருக்கக் கூடியவை அல்ல.

எதை முதலில் படிப்பது என்பதில் வாசகரிடையே கருத்து வேறுபாடு உண்டு. காலவரிசைப்படி படித்தால் கபால பைரவர் யார் என்ற மர்மம் எளிதில் கலைந்துவிடும். மாணவர்கள் வெளியான வரிசையிலேயே படிப்பது நல்லது. பார்த்திபன் கனவு, பிறகு சிவகாமியின் சபதம், நேரம் இருந்தால் மீண்டும் பார்த்திபன் கனவின் மூன்றாம் பாகம். 1960இல் டி. யோகானந்த் இயக்கத்தில் ஜெமினி கணேசன், வைஜெயந்திமாலா நடித்து வெளிவந்த பார்த்திபன் கனவு திரைப்படத்தையும் அதன்பின் பார்க்கலாம்.